எட்டு விநாடி மாப்பிள்ளை

1

ஒரு தொலைபேசி அழைப்பைத் தள்ளிப்போடுவதற்காகத்தான் இந்தக் கதையை எழுதுகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இன்று வியாழக்கிழமை. நான் பேச வேண்டியவரின் கடை ஆறு மணிக்கு மூடும், அதற்குள் பேசினால் போதும். இப்போது மணி இரண்டேகால். எண் எதிரிலேயே இருக்கிறது. நானோ எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கதையில் வரும் திரைக்கதை எழுத்தாளனுக்குச் செகாவா என்று பெயர் வைக்கிறேன். செகாவா நான்தான். இதைக் கடைசிவரை மறைத்துவைத்துப் பொட்டென்று உடைக்கும் வித்தை எனக்குத் தெரியும், பத்து வருடமாக அதுதான் என் பிழைப்பு. இந்த முறை அதற்குத் தெம்பில்லை. ஆனால் 'நான்' என்று எழுதினால் விரல் நகர மறுக்கிறது, காது சுடுகிறது. 'அவன்' என்று எழுதினால் கொஞ்சம் காற்று வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: மலைக்கோயிலின் இருண்ட மண்டபத்தில், நூறு கல்யாணப் பலகைகளிலிருந்து நூறு மாப்பிள்ளைகள் செகாவாவையே உற்று—

வேண்டாம். மண்டபத்தில் குழல்விளக்கு எரிந்தது. மாப்பிள்ளைகள் யாரையும் உற்றுப் பார்க்கவில்லை, கல்யாணப் படத்தில் எல்லோரும் எப்படி நேராகப் பார்ப்பார்களோ அப்படித்தான் பார்த்தார்கள். பயமுறுத்தியே பழகிய கை, எதைத் தொட்டாலும் இருட்டாக்கிவிடுகிறது.

இரண்டாவது தொடக்கம்: ஜப்பானின் வடக்கே, யாமகாதாவில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில்—

அதுவும் பொய். போன அக்டோபர். நல்ல வெயில்.

மூன்றாவது தொடக்கம், நடந்தபடி: செகாவா முடிவெட்டிக்கொள்ளப் போனான். அதாவது முடிவெட்டிக்கொள்ளும் சாக்கில் போனான். கல்யாணமாகாமல் இறந்துபோன பிள்ளைக்கு, எங்கள் பக்கத்தில், பெற்றோர் ஒரு மரப்பலகையில் கல்யாணப் படம் வரையச் சொல்லிக் கோயிலில் வைப்பது வழக்கம். முகசாரி என்போம். மாப்பிள்ளையின் முகம் புகைப்படத்தைப் பார்த்து வரைவது. பெண்ணின் முகம் ஓவியரின் கற்பனை. உயிரோடு இருக்கும் யாருடைய முகமும் பெயரும் அதில் வரக் கூடாது. வந்தால், இறந்தவர் அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். இதை வைத்து ஒரு பேய்ப்படம் எழுத வேண்டும் என்று செகாவா அலைந்துகொண்டிருந்தான். ஒகுயாமா கினுயோ என்ற அம்மாள் தன் மகனுக்கு அப்படி ஒரு பலகை வைத்திருப்பதாகவும், அடிவாரத்தில் முடிதிருத்தும் கடை நடத்துவதாகவும் கோயிலில் சொன்னார்கள்.

அறுபத்தெட்டு வயது. குள்ளம். கையில் கத்தரிக்கோல் இருக்கும்வரை யாருக்கும் பயப்படாதவர்.

"தலைய நேரா வைங்க. என்ன முடி இது, வைக்கப்போர் மாதிரி? யாரு வெட்டிவிட்டது?"

"நானே வெட்டிக்கிட்டேன், அம்மா."

"அதான் தெரியுதே."

அவன் வந்த காரியத்தைச் சொன்னபோது அவர் கை ஒரு தரம் நின்றது. பிறகு மீண்டும் ஓடியது. திங்கட்கிழமை கடை விடுமுறை என்று அவரே அவனைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். மகன் தொமோஹிசா, இருபத்து நாலு வயதில், ஒரு பனிக்காலக் காலையில் வேலைக்குப் போகும் வழியில் லாரி மோதி இறந்தான். ஆகிவிட்டது இருபத்திரண்டு வருடம். பலகையில் கறுப்புக் கிமோனோவில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் வெள்ளையில், யாருமே இல்லாத ஒரு பெண்.

"ஒண்ணுதான் குறை," என்றார் ஒகுயாமா அம்மா. "வகிட்ட தப்பா போட்டுட்டாரு ஓவியர். தொமோ இடது பக்கம் எடுப்பான். இவரு வலது பக்கம் எடுத்துட்டாரு."

"அவர்கிட்ட சொல்லலையா?"

"எப்படிச் சொல்றது? அந்த மனுஷன் அவ்ளோ பாடுபட்டு வரைஞ்சு, குளிச்சு முழுகி, கொண்டுவந்து குடுக்குறாரு. ரொம்ப நல்லாருக்குன்னு கும்பிட்டு வாங்கிக்கிட்டேன். அவன் பொறந்ததுலேருந்து முடி வெட்டினவ நான். பலகை வச்சதுலேருந்து பதினஞ்சு வருஷமா தப்பான வகிட்டையே கும்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

செகாவா ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். கதை எழுதும்போது பார்த்துக்கொள்ள மட்டும்தான் என்றான். யாருக்கும் காட்ட மாட்டேன் என்று இடுப்பு வளையக் குனிந்து வாக்குக் கொடுத்தான். அந்தக் குனிவில் ஒரு துளியும் நடிப்பில்லை. இதை நான் அவனுக்காகச் சொல்லவில்லை. அந்த இடத்தில் அவன் நல்லவனாகவே இருந்தான், அதுதான் இப்போது அதிகம் கூச வைக்கிறது.

3

படத்தின் பெயர் 'மணமகன் இணைந்துவிட்டார்'. படம் முழுக்க ஒரு மடிக்கணினித் திரைக்குள்ளேயே நடக்கும். நண்பர்கள் ஐந்து பேர், திரையில் ஐந்து கட்டம், காணொளி அழைப்பில் அரட்டை. அவர்களில் ஒருவன் விளையாட்டாக, உயிரோடிருக்கும் தோழியின் முகத்தை இறந்தவன் ஒருவனின் கல்யாணப் பலகையில் ஒட்டிவிடுகிறான். யாரும் அழைக்காமலே ஆறாவது கட்டம் திறக்கிறது. அதில் அந்தப் பலகை. பலகையில் மாப்பிள்ளை.

[இந்த இடத்தில் படத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம் பெருமையாக எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன்.]

படப்பிடிப்புக்கு ஒரு பலகை வேண்டும். மாப்பிள்ளைப் பேயாக நடிக்கும் குஜிராயின் முகத்தை வைத்து வரையலாம் என்றார் இயக்குநர் நாகுமோ. நாகுமோ சத்தமாகப் பேசும் பெண்மணி, சொன்ன சொல் மாறாதவர். குஜிராய் கையெடுத்துக் கும்பிட்டான்.

"பொணமா நடிக்கிறேன். மண்ணுல பொதைங்க, தண்ணியில போடுங்க. பலகையில மட்டும் என் மூஞ்சி வேணாம்."

"ஏன், உனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை இருக்கா?"

"சுத்தமா இல்ல."

"அப்புறம் என்னய்யா?"

"இல்லாட்டியும் வேணாம்."

ஒளிப்பதிவாளரைக் கேட்டார்கள். அவர் மனைவி கர்ப்பமாக இருக்கிறாராம். விளக்குக்காரர் சிரித்தார், ஆனால் வேண்டாம் என்றார். ஒரு பேய்ப்படம் எடுக்க வந்த கூட்டம், அத்தனை பேரிடமும் விலை உயர்ந்த கைப்பேசி, ஒரு ஆளுக்குக்கூடப் பலகையில் முகம் கொடுக்கத் துணிச்சல் இல்லை. கடைசியில் நாகுமோ எழுத்தாளன் பக்கம் திரும்பினார்.

"நீ குடேன் செகாவா. நீ எழுதின பேய்தானே. உன்ன ஒண்ணும் பண்ணாது."

அப்போது செகாவா சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்தும் திருத்தாமல்:

"எங்க அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை."

மறுநாள் காலை அவன் தன் கைப்பேசியில் இருந்த தொமோஹிசாவின் பலகைப் புகைப்படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தான். நண்பர் ஒருவர் வரைந்தது, முகம் கற்பனை என்றான். இறந்தவனை இனி யார் எங்கே கூட்டிக்கொண்டு போக முடியும், இவன் முகத்தைப் போட்டால் யாருக்கும் ஆபத்தில்லை என்று அவனுக்குள் ஒரு கணக்கு. உயிரோடிருப்பவர்களைக் காப்பாற்றுவதற்கான விதியை அவன் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தான். விதியில் அம்மாவைப் பற்றி ஒன்றும் இல்லை.

4

ஐம்பத்தோராவது நிமிடத்தில் பலகையிலிருக்கும் மாப்பிள்ளை கழுத்தைத் திருப்புகிறான். கணினியில் செய்த வேலை. மெல்ல, மிக மெல்ல, பக்கத்திலிருக்கும் பெண்ணைப் பார்க்கிறான். உதட்டோரம் லேசாக ஒரு அசைவு. இதற்கு எட்டு விநாடி. ஒன்பதாவது விநாடியில் நம் பக்கம் திரும்புகிறான், வாய் காதுவரை கிழிகிறது, பிறகு கதாநாயகியின் கட்டத்துக்குள் கையை விட்டு— மீதி வேண்டாம்.

முன்னோட்டக் காட்சியில் மாணவர்கள் அலறினார்கள். அலறி முடித்துச் சிரித்தார்கள். வெளியே வந்ததும் ஒருவன் வாயை இரண்டு விரலால் இழுத்து, கண்ணை உருட்டி, தோழிகளைத் துரத்தினான். அந்த முகம் தொமோஹிசாவின் முகம். செகாவா ஓரமாக நின்று பார்த்தான்.

சந்தோஷப்பட்டான்.*

* 'அவனுக்குள் ஏதோ உறுத்தியது' என்று எழுதி அடித்தேன். ஒன்றும் உறுத்தவில்லை. படம் ஓடும் என்று நினைத்தான்.

உறுத்தல் மே மாதக் கடைசியில்தான் வந்தது, அதுவும் அடுத்தவர் வழியாக. "அந்த ஓவியர் நண்பர்கிட்ட ஒரு சம்மதக் கடிதம் வாங்கிட்டு வாய்யா, வக்கீல் கேக்குறாரு," என்றார் நாகுமோ. செகாவா உண்மையைச் சொன்னான். நாகுமோ எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"நீ பண்ணினது கேவலம்."

"தெரியும்."

"நாப்பது பேரு ராத்திரி பகலா வேல பாத்திருக்காங்க. போ. கால்ல விழுந்தாவது கேளு. அந்தம்மா கடிதத்துல முத்திரை வச்சா படம் வருது. முடியாதுன்னுட்டா நானே பெட்டியில போட்டுப் பூட்டிடுறேன். முடிவு அவங்களோடது, புரியுதா? உன்னோடது இல்ல, என்னோடதும் இல்ல."

5

[இந்தப் பகுதியை மூன்று முறை எழுதினேன். முதல் இரண்டிலும் செகாவா தலைகுனிந்து அழுகிறான். அவன் அழவில்லை.]

ஜூன் முதல் வாரம். செகாவா மடிக்கணினியோடு ரயிலேறினான். வழியில், அந்தக் காட்சியை ஓடவிட்டு எட்டாவது விநாடியில் சரியாக நிறுத்த நாலு முறை பழகிப் பார்த்தான்.

கடையில் ஒரு வாடிக்கையாளர் முகத்தில் சூடான துண்டோடு சாய்ந்து கிடந்தார். ஒகுயாமா அம்மா சோப்பு நுரையைக் கலக்கிக்கொண்டிருந்தார். செகாவா குனிந்தான்.

"யாருக்கும் காட்ட மாட்டேன்னு சொன்னேன், அம்மா. படத்துல காட்டிட்டோம். மன்னிச்சிருங்க."

நுரை கலக்கும் சத்தம் நின்றது.

"யாரு கினுயோ, வரி ஆபீசா?" என்றது துண்டுக்குள்ளிருந்து ஒரு குரல்.

"நீங்க வாய மூடிக்கிட்டுப் படுங்க, பிளேடு வரப்போவுது." அவர் ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டார். "காட்டுங்க."

சீப்புகளுக்கு நடுவே கணினியை வைத்து, ஐம்பத்தோராவது நிமிடத்தை ஓடவிட்டான். தொமோஹிசா திரும்பினான், பெண்ணைப் பார்த்தான், உதட்டோரம் அசைந்தது. செகாவாவின் விரல் சரியாக நிறுத்தியது.

"இன்னொரு தரம்."

மூன்று தரம் போட்டான். நாலாவது தரம் அவர் மூக்குக்கண்ணாடி கேட்டு மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"வகிடு," என்றார். "வகிடு சரியா இருக்கு."

இருந்தது. கதாநாயகியின் கட்டம் மறுபக்கம் வந்துவிட்டதால், படத்தொகுப்பாளர் பலகையை இடவலமாகத் திருப்பிப் போட்டிருந்தார், கண்ணாடியில் தெரிவது போல. வேறு காரணம் இல்லை.

"நீங்க மாத்தினீங்களா? அன்னிக்கு நான் சொன்னத மனசுல வச்சுக்கிட்டு?"

(இல்லை என்று சொல்ல ஒரு சொல் போதும். இத்தனை வரி எழுதுகிறவனுக்கு அந்த ஒரு சொல் கிடைக்கவில்லை.)

"ஆமா, அம்மா."

அவர் அவனைப் பார்த்து, நுரைக் கிண்ணம் கையிலிருக்க, ஆழமாகக் குனிந்தார்.

"பேய்ப்படம்னீங்களே. பேய் யாரு?"

"அது வேற ஆளு. இவரு... இவரு காப்பாத்த வர்றவரு."

"தொமோவா?" ஒகுயாமா அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "பூனைக்குட்டிய எறக்குறேன்னு மரத்துல ஏறி, பூனை எறங்கிருச்சு, இவன் மாட்டிக்கிட்டான். தீயணைப்பு வண்டி வந்துதான் எறக்கினாங்க. அவனா காப்பாத்துறான்?" கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "மிச்சத்த காட்டாதீங்க. தியேட்டர்ல பெருசா பாத்துக்கறேன். இந்தத் திரும்புற இடத்த மட்டும் என் போன்ல போட்டுக் குடுப்பீங்களா? பதினஞ்சு வருஷமா நேராவே பாத்துக்கிட்டு இருந்தான்."

எட்டு விநாடியை அவர் கைப்பேசிக்கு அனுப்பினான். அவர் இழுப்பறையிலிருந்து, கையெழுத்துக்குப் பதிலாக வைக்கும் பெயர் முத்திரையை எடுத்து, வாயருகே வைத்து ஊதி, கடிதத்தின் கீழே அழுத்தினார். கடிதத்தைப் படிக்கவில்லை. கிளம்பும்போது ஒரு பெட்டி செர்ரிப் பழம் கொடுத்தார். வேண்டாம் என்று மறுப்பதற்கான தகுதிகூட அவனிடம் இல்லை. ரயிலில் முழுப் பெட்டியையும் தின்றான்.

6

மணி நாலரை.

போன திங்கட்கிழமை ஒகுயாமா அம்மா செகாவாவைக் கூப்பிட்டார். படம் வெளியாகும் இந்தச் சனிக்கிழமை, காலை பத்தரை மணிக் காட்சிக்கு, கடைத்தெரு மாதர் சங்கத்தையே கூட்டிக்கொண்டு போகிறாராம், மொத்தம் பதினோரு பேர். "எம் பையன் காப்பாத்த வர்றான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். மீன்கடைக்காரி நம்பல. வந்து பாருடீன்னேன்." அன்றிலிருந்து செகாவாவுக்குத் தூக்கம் இல்லை.

ஒரு முடிவு: செகாவா கூப்பிட்டு உண்மையைச் சொல்கிறான். ஒகுயாமா அம்மா முத்திரையைத் திரும்பக் கேட்கிறார். நாகுமோ சொன்ன சொல் மாறாமல் படத்தைப் பூட்டுகிறார். நாற்பது பேர் செகாவாவின் முகத்தில் விழிப்பதில்லை. இது நடக்கக்கூடிய முடிவு, அதனால்தான் பயமாக இருக்கிறது.

இன்னொன்று: அவர் தியேட்டரில் பார்க்கிறார். ஒன்பதாவது விநாடி வருகிறது. பதினோரு பெண்கள் நடுவில், மீன்கடைக்காரி பக்கத்தில். அவர்

(இதை முடிக்க மாட்டேன்.)

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, என் தொழிலுக்கு ஏற்றது: தொமோஹிசாவே செகாவாவின் கணினியில் ஆறாவது கட்டத்தில் தோன்றிப் பழிவாங்குகிறான். எழுதிப் பார்த்தேன். நன்றாகக்கூட வந்தது. பேய் வந்து தண்டித்துவிட்டால் நான் கூப்பிட வேண்டியதில்லை அல்லவா. மரத்தில் மாட்டிக்கொண்ட பையனை இன்னொரு தரம் பேயாக்கப் பார்த்தேன் என்று புரிந்ததும் அழித்தேன்.

ஒரு சந்தேகமும் இருக்கிறது. ஒகுயாமா அம்மாவை நான் ரொம்ப வெகுளியாக எழுதிவிட்டேனோ? நாற்பது வருடம் தினமும் கண்ணாடி முன்னால் நின்று வேலை பார்க்கும் ஒருவருக்கு, இடவலமாகத் திருப்பிய படம் தெரியாமல் போகுமா?

7

ஐந்தரைக்குத் தொலைபேசி அடித்தது. அவர்தான் கூப்பிட்டார்.

"செகாவா-சான், வேலையா இருக்கீங்களா?"

"இல்ல அம்மா, சும்மாதான்."

"எட்டு விநாடிய தினமும் பாக்குறேன். காலையில அவனுக்குச் சோறு படைக்கும்போது ஒரு தரம், கடை மூடினதும் ஒரு தரம். நேத்துதான் கவனிச்சேன். உடுப்பு மடிப்பு மாறியிருக்கு. வலது மடிப்பு மேல வந்திருக்கு."

எங்கள் ஊரில் உயிரோடிருப்பவர்கள் இடது மடிப்பை மேலே வைத்து உடுத்துவோம். வலது மடிப்பு மேலே வந்தால் அது சவத்துக்குப் போடுவது. மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தவனைத் திருப்பிப் போட்டதில் நாங்கள் சவக்கோலம் ஆக்கியிருந்தோம். நாற்பது பேரில் ஒருவரும் பார்க்கவில்லை.

"அப்ப வகிட்ட நீங்க திருத்தல. படத்த அப்படியே திருப்பிப் போட்டிருக்கீங்க, இல்ல?"

தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"பரவால்ல. நான் சந்தோஷப்பட்டேன்னு நீங்களும் ஆமான்னுட்டீங்க. ஓவியர்கிட்ட நானும் அப்படித்தானே சொன்னேன்." பின்னால் கடையின் வானொலி கேட்டது. "வேற எதாவது அப்படி மாத்திச் சொன்னீங்களா, செகாவா-சான்? இருந்தா இப்பவே சொல்லிருங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன். சனிக்கிழமை எல்லாரும் இருப்பாங்க, அதான் கேக்குறேன்."

கதவை அகலத் திறந்துவைத்து, உள்ளே வா என்று கூப்பிட்டார். இதைவிட இதமாக யாரும் என்னைக் கேட்டதில்லை.

"இல்ல, அம்மா," என்றேன்.

"சரி." ஒரு மூச்சு. "எந்த வரிசை நல்லாருக்கும்?"

"முன்னாடி வேணாம், கழுத்து வலிக்கும். நடு வரிசையில வாங்கிக்குங்க."

"நடு வரிசை," என்றார், எழுதிக்கொள்கிறவர் போல. வைத்துவிட்டார்.

8

செகாவா என்று எழுதுவதை நிறுத்திவிட்டேன், கவனித்திருப்பீர்கள்.

மணி ஐந்து நாற்பத்தைந்து. எழுதுவதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை. கடையை மூட இன்னும் கால்மணி நேரம் இருக்கிறது. நாளை வெள்ளிக்கிழமை, கடை உண்டு. சனிக்கிழமை விளம்பரமெல்லாம் சேர்த்துப் பதினொன்றரை வாக்கில் அந்த இடம் வரும். இந்தக் கதையை நீங்கள் அதற்கு முன்னால் படிக்கிறீர்களா பின்னால் படிக்கிறீர்களா என்று எனக்குத் தெரியாது. பின்னால் என்றால், முடிவு எனக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கும், என்னிடம் கேட்காதீர்கள்.

முன்னால் என்றால், கடையின் எண் கண்ணாடிக் கதவிலேயே பெரிதாக எழுதியிருக்கிறது, யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம். அவர் எடுத்ததும் முதலில் கடைப் பெயரைச் சொல்வார். பிறகு, யார் பேசுவது என்று கேட்பார்.